தொந்தி போட்ட ஸ்ரீ

“இது என் பொண்ணு போட்ட எழுத்து. இதைப் போட்டவ செத்திருக்க முடியாது மேடம்.”

லதா தமது கைப்பேசியை ரேணுகாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். 

செங்கல்பட்டில், பிணவறைக்கு எதிரே இருந்த வேப்ப மரத்தின் அடியில் அவர்கள் நின்றுகொண்டிருந்தனர். வெள்ளிக்கிழமை; நண்பகல். சற்றுத் தொலைவில் கிடந்த சிமென்ட் பலகையில் லதாவின் கணவர் பார்த்தசாரதி தலையைக் குனிந்தவாறு அமர்ந்திருந்தார். இருவரும் கடலோரத்து அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் வசிப்பவர்கள். அவர்களுடைய ஒரே மகள் சஹானா, பொத்தேரியில் விடுதியில் தங்கிப் பொறியியல் பயின்றவள். சென்ற வெள்ளிக்கிழமை மாலை விடுதியை விட்டு வெளியேறியவள் திரும்பவில்லை. மறுநாள் காலை அவளுடைய செருப்பும் தோள்பையும் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கிடைத்தன. புதன்கிழமை, அவ்விடத்துக்குத் தெற்கே, ஓர் இளம்பெண்ணின் உடல் கரை ஒதுங்கிற்று. முகத்தைக் கண்டு அடையாளம் கூறும் நிலையைக் கடல் விட்டுவைக்கவில்லை. உயரம் ஒத்திருந்தது. உடுத்தியிருந்த நீலச் சுடிதாரும் ஒத்திருந்தது. பார்த்தசாரதி, “அவள்தான்” என்று கூறிவிட்டார்.

“நாலு மணிக்கு பாடியைக் கொடுத்துடுவாங்க,” என்றார் லதா. “எரிச்சுட்டா அப்புறம் என் பொண்ணை யாரும் தேட மாட்டாங்க. ஃபைலை மூடிடுவாங்க. அவர் அவ படத்தை மாட்டி மாலை போட்டுடுவார். அவளை எவனோ எங்கயோ அடைச்சு வெச்சிருக்கான். எனக்குத் தெரியும். நான் சொன்னா பைத்தியம்னு பார்க்கறாங்க. நீங்களாவது இதைப் பாருங்க!”

ரேணுகா பார்த்தாள். லதாவின் அலுவலகத் தோழி ஒருத்தி முந்தைய நாள் அலுவலகக் குழுவில் பகிர்ந்திருந்த நிழற்படம் அது. திருவிடந்தைக் கோயிலில் திருமணம் வேண்டி வலம் வருவதற்காகத் தோழியின் மகள் கழுத்தில் மாலையுடன் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு பூக்கடையின் பிளெக்ஸ் பலகை: ‘ஸ்ரீ வராகர் மாலைக் கடை’.

ரேணுகா செங்கல்பட்டில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். அவளுடைய உதவியாளன் ஜெயக்குமார், வண்டியையும் வாயையும் ஒரே வேகத்தில் ஓட்டுபவன். அவன் அவளது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இந்த எழுத்தா? இது ஊரு பூரா கீதே மேடம். ஐஸ் வண்டில கீது, பானிபூரி வண்டில கீது. எங்க அக்கா பையன் காது குத்துக்கு இதுலதான் பேனர் அடிச்சோம்.”

“ஆமாம்பா. அந்த ஃபான்ட் என் பொண்ணு பண்ணினதுதான். ‘தொந்தி’ன்னு பேர் வெச்சா. யார் வேணா எடுத்துக்கோங்கன்னு சும்மாவே நெட்ல போட்டுட்டா.”

தொந்தி என்னும் அவ்வெழுத்துருவைக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்த எவரும் அறியாதிருக்க இயலாது. அதன் ஒவ்வோர் எழுத்தும் விருந்துண்டு எழுந்ததைப் போல வயிறு புடைத்து நிற்கும். ‘ட’ நாற்காலியில் சாய்ந்திருக்கும். ‘க’ ஒற்றைக் காலில் ஆடும். புள்ளிகளோ கயிறறுந்த பலூன்களைப் போல, வைத்த இடத்தினின்றும் சற்று விலகி மிதக்கும். அவ்வெழுத்தில் எழுதப்பட்ட எதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு படிக்க முடியாது.

“எழுத்துக்குள்ள இருக்கற ஓட்டையைப் பாருங்க,” என்றார் லதா. “ஒண்ணு கூட நடுவுல இருக்காது. எனக்கு வடைக்கு நடுவுல ஓட்டை போட வராது, எப்பவும் ஓரமாப் போயிடும். அதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்னு கிண்டல் பண்ணுவா. இடது கையால வரைவா. வேகமா வரைவா.”

“சரிங்க. ஆனா இந்த ஃபான்ட் எல்லார்கிட்டயும் இருக்கே. கடைக்காரங்க யாராவது அடிச்சிருப்பாங்க,” என்று ரேணுகா மென்மையாகக் கூறினாள்.

“வராகர் மாலைக் கடைங்கறதை யார் வேணா அடிக்கலாம். அந்த ஸ்ரீயை அடிக்க முடியாது. அவ அந்த ஃபான்ட்ல ஸ்ரீயே போடலை! பரீட்சை முடியட்டும்மா, போடறேன்னு சொல்லிகிட்டே இருந்தா. பிளெக்ஸ் கடைக்காரங்க எல்லாம் ஃபோன் பண்ணிக் கேப்பாங்க. அவ போடவே இல்லை.”

ரேணுகா படத்தைப் பெரிதாக்கினாள். பலகையின் முதலெழுத்தான ஸ்ரீ, ஏனைய எழுத்துகளின் உடன்பிறப்பைப் போலவே கொழுத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு வீற்றிருந்தது. அதனுள் இருந்த துளை ஓரமாக ஒதுங்கியிருந்தது.

அவள் பார்த்தசாரதியை நோக்கி நடந்தாள். அவர் நிமிராமலே பேசினார்.

“அவளை விடுங்கம்மா. ஒரு எழுத்தைப் பிடிச்சுகிட்டுத் தொங்கறா. என் குழந்தையை இன்னும் எத்தனை நாள் அந்த ஐஸ் பெட்டியில வெக்கச் சொல்றீங்க?”

 ரேணுகா வண்டியை நோக்கி விரைந்தாள்.

*

“போலீசுக்கு ரேகை வோணும், ரத்தம் வோணும். நம்ம கையில இன்னா கீது? ஒரு ஸ்ரீ. அதுவும் துன்னுட்டு ஏப்பம் வுட்டுகினு கீற ஸ்ரீ,” என்றான் ஜெயக்குமார், திருப்போரூரைக் கடந்து கிழக்கே திரும்பும்பொழுது.

“அதுதான் நம்ம அதிர்ஷ்டம். வேற எந்த எழுத்தா இருந்தாலும் கண்ணுல பட்டிருக்காது. வழியில தொந்தியில எழுதின ஸ்ரீ எங்கயாவது வந்தா சொல்லு.”

வந்தது. ‘ஸ்ரீ துர்கா பழச்சாறு’ என்றொரு கடை. பின்னர், ‘ஸ்ரீ பாலாஜி மழலையர் பள்ளி’ என்றெழுதிய வேன். இரண்டிலும் மற்ற எழுத்துகள் தொந்தியுடன் குதூகலிக்க, ஸ்ரீ மட்டும் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கப்பட்டு எலும்பும் தோலுமாக நின்றது.

“குண்டனுங்க குரூப் போட்டோல ஒரு டிபி பேஷன்ட்ட நிக்க வெச்ச மாரி கீது,” என்றான் ஜெயக்குமார்.

“அதாவது, அந்த அம்மா சொன்னது உண்மை. அந்த ஃபான்ட்ல ஸ்ரீ கிடையாது. எல்லாக் கடையும் ஒட்டுப் போட்டுத்தான் சமாளிக்குது.”

“நல்ல வேளை மேடம், யாரும் இத சாவுக்கு யூஸ் பண்ல. இதுல கண்ணீர் அஞ்சலின்னு அடிச்சா பொணமே எய்ந்து சிரிக்கும்.”

சொல்லி முடித்ததும் தன் சொல்லின் கொடுமை அவனுக்கே உறைத்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதே நேரத்தில் ரேணுகாவின் கைப்பேசி ஒலித்தது. லதா.

“பார்த்தீங்களா? கடையைப் பார்த்தீங்களா?”

“இதோ வந்துட்டோம்மா.”

“அவர் கையெழுத்துப் போட உள்ளே போறார். நான் என்ன பண்ணட்டும்?”

“உங்களால முடிஞ்ச வரைக்கும் தாமதம் பண்ணுங்க.”

*

திருவிடந்தையில், கோயிலுக்குச் செல்லும் தெருவின் முனையில் இருந்தது அக்கடை. அதன் உரிமையாளர் பூங்கொடி, தொடுத்துக்கொண்டிருந்த மாலையினின்றும் கண்ணை எடுக்காமலே வரவேற்றாள்.

“ஜோடி மாலையா? ஒத்தையா? இந்த அண்ணாத்தைக்கா? இவருக்கு ரெண்டு மூணு சுத்து ஜாஸ்தியா வரணும் போலகீதே.”

“யக்கா, எனுக்கு கல்யாணம் ஆயி ரெண்டு புள்ள கீது,” என்றான் ஜெயக்குமார்.

“அப்ப வேண்டிக்க வேற எதுனா இருக்கும். மாலை வாங்கிக்கோ.”

ரேணுகா குறுக்கிட்டாள். “இந்த பேனர் எப்ப மாட்டினீங்க?”

“செவ்வாக்கெயம. இன்னாத்துக்குக் கேக்கற?”

செவ்வாய்க்கிழமை! ஜெயக்குமாரின் புருவங்கள் உயர்ந்தன. ஆயினும் ரேணுகாவின் முகம் மலரவில்லை. “மாட்டினது செவ்வாய். அந்தப் பொண்ணு காணாமப் போறதுக்கு முன்னாடியே வரைஞ்சு கொடுத்திருந்தா?” என்று அவனிடம் தாழ்ந்த குரலில் கூறினாள். அவ்வாறாயின் அந்த ஸ்ரீ எதையும் மெய்ப்பிக்காது. பிணவறையில் கிடப்பவள் சஹானாவாகவே இருக்கலாம்.

“பேனர் நல்லா இருக்கு. அதான் கேட்டேன்,” என்றாள் பூங்கொடியிடம்.

“நல்லாகீதா? அதுக்கு நான் பட்ட பேஜாரு எனுக்குத்தான் தெரியும். மொதல்ல அடிச்சி எடுத்தாந்தாரு எங்க வூட்டுக்காரரு. எம் மாமியா பாத்துட்டு, ‘ஸ்ரீ இல்லாம சாமி பேர எய்துவியா, அது இன்னா நீ கூப்புட்டா வர்ற மச்சானா’ன்னு தெருவக் கூட்டிடுச்சி. திங்கக்கெயம காத்தால மறுக்கா போயி ஸ்ரீ போடச் சொல்லி, சாயங்காலம் வேற அடிச்சி வாங்கியாந்தாரு.”

ரேணுகாவின் குரல் மாறியது. “முதல்ல அடிச்சது எங்க?”

பூங்கொடி மாலையின் நுனியால் சுட்டினாள். வெயில் படாவண்ணம் பூக்கூடைகளின் மீது ஒரு பிளெக்ஸ் போர்த்தப்பட்டிருந்தது. ஜெயக்குமார் அதனை இழுத்து விரித்தான். அதே நிறம், அதே சாமந்தி மாலைப் படம், அதே தொந்தி எழுத்து. ‘வராகர் மாலைக் கடை’ என்றே இருந்தது. ஸ்ரீ இல்லை.

“அந்த ஸ்ரீ அடிக்கறவன் கையில முன்னாடியே இருந்திருந்தா மொதல் பேனர்லயே போட்டிருப்பான், மாமியா கத்தறதுக்கு வேலை இல்லையே,” என்றான் ஜெயக்குமார் மெதுவாக. வழக்கமான கேலி அவன் குரலில் இல்லை.

“கேட்டது திங்கட்கிழமை காலை. கிடைச்சது சாயங்காலம். அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை செத்திருந்தா, திங்கட்கிழமை வரைஞ்சது யாரு? ஏங்க, எந்தக் கடையில அடிச்சீங்க?”

“முட்டுக்காடு. படகு வுடற எடத்துக்கு எதிர் சந்துல, பிரவின்குமாருன்னு ஒரு தம்பி வெச்சிகீது. மாலை வோணாவா?”

ஜெயக்குமார் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தான்.

*

வடக்கு நோக்கி விரைந்துகொண்டிருந்தபொழுது லதாவின் அழைப்பு மீண்டும் வந்தது. இம்முறை முதலில் மூச்சிரைப்பே கேட்டது. பின்னர், “வண்டி சீக்கிரமே வந்துடுச்சு. மூணு மணிக்கே எடுத்துடலாம்கறாங்க. நான் வண்டி முன்னாடி உக்காந்துட்டேன். எல்லாரும் என்னைத் தூக்கறாங்க. மேடம், ஏதாவது சொல்லுங்க!” என்ற குரல் வந்து, இணைப்பு அறுந்தது.

“திங்கக்கெயம ஆதாரம் கீதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க மேடம்.”

“சொல்லிப் பார்த்துட்டேன். பூக்கடை பேனரைக் கொண்டாந்து காட்டினா அப்பா சொன்ன அடையாளத்தை மாத்த முடியாதுன்னுட்டார். பொண்ணு வேணும், ஜெயக்குமாரு. உயிரோட, குரலோட வேணும்.”

பிரவின்குமாரின் கடை ஒற்றை அறை. ஒரு பக்கம் அச்சு இயந்திரம் உறுமிக்கொண்டு ஏதோ ஒரு பிறந்தநாள் பலகையைத் துப்பிக்கொண்டிருந்தது. மறுபக்கம் ஒரே ஒரு கணினி. உட்புறத்தில், மாடிக்குச் செல்லும் குறுகிய படிக்கட்டு. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பிரவின்குமார் இயந்திரத்தின் அருகினின்றும் வந்தான்.

“சொல்லுங்க மேடம். கல்யாணமா, கட்சியா?”

“ஸ்ரீ,” என்றாள் ரேணுகா. “திருவிடந்தை பூக்கடைக்கு அடிச்சீங்களே, அந்த ஸ்ரீ எங்க கிடைச்சுது?”

அவன் விழிகள் ஒரு கணம் படிக்கட்டின் பக்கம் சென்று மீண்டன.

“அதுவா? ஃபான்ட்ல புது வெர்ஷன் வந்துது மேடம். எங்க டிசைனர் குரூப்ல யாரோ போட்டாங்க. டவுன்லோட் பண்ணிகினேன்.”

“எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும். உக்காந்து ‘ஸ்ரீ ரேணுகா’ன்னு அடிச்சுக் காட்டுங்க.”

“இப்ப மெஷின் ஓடிகினு கீது…”

“நைனா, மேடம் கேக்கறாங்க இல்ல? ரெண்டே ரெண்டு வார்த்தை. உக்காரு,” என்று ஜெயக்குமார் அவனைத் தோளில் அழுத்தி நாற்காலியில் அமர்த்தினான்.

பிரவின்குமார் விசைப்பலகைக்கு இடப்புறம் கிடந்த மவுஸை வலப்புறம் இழுத்து வைத்துவிட்டு விசைகளைத் தட்டினான். ‘ரேணுகா’ என்பது திரையில் தொந்தியுடன் துள்ளிக் குதித்து வந்து நின்றது. அதற்கு முன்னால், ஸ்ரீ இருக்க வேண்டிய இடத்தில், வெறுமையான ஒரு கட்டம் நின்றது.

எழுத்துருவில் இல்லாத எழுத்தைக் கேட்டால் கணினி காட்டும் கட்டம் அது.

“புது வெர்ஷன் எங்க?” என்றாள் ரேணுகா.

“அது… வேற சிஸ்டம்ல…”

“வேற சிஸ்டம் எங்க கீது? மெஷினுக்குள்ளயா?” என்றான் ஜெயக்குமார்.

“புது வெர்ஷன்னு ஒண்ணு வரவே இல்லை,” என்றாள் ரேணுகா. “அந்த ஸ்ரீ ஃபான்ட்ல இல்லை. பூக்கடை பேனருக்குன்னு தனியா, படம் வரையற மாதிரி, இந்த மெஷின்ல உக்காந்து யாரோ வரைஞ்சிருக்காங்க. அது நீங்க இல்லை. நீங்க வலது கைக்காரர். இப்ப உக்காந்ததும் மவுஸை எங்கேருந்து இழுத்தீங்க, ஞாபகம் இருக்கா? கீபோர்டுக்கு இடது பக்கத்துலேருந்து. உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில உக்காந்திருந்தது இடது கைக்காரி. அதுவும் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி.”

பிரவின்குமார் நாற்காலியிலிருந்து எழ முயன்றான். ஜெயக்குமார் அவனது சட்டைக் கழுத்தைப் பற்றிவிட்டான்.

“டேய், அந்தப் பொண்ண எங்கடா அடைச்சி வெச்சிகீற? அங்க அம்மாக்காரி வண்டி முன்னால வியுந்து கெடக்குதுடா!”

“அவரை விடுங்க.”

குரல் படிக்கட்டிலிருந்து வந்தது. மூவரும் திரும்பினர். யாரோ ஒருவரின் பெரிய சட்டையை அணிந்து, சுவரைப் பற்றியவாறு ஒரு பெண் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“என்னை யாரும் அடைச்சு வெக்கலை. நான்தான் கதவை உள்ளேருந்து சாத்திக்கிட்டேன்,” என்றாள் சஹானா.

*

ஜெயக்குமாரின் பிடி தளர்ந்தது. ரேணுகா கைப்பேசியை எடுத்தபடி முன்னேறினாள். சஹானா ஒரு படி பின்வாங்கினாள்.

“வேண்டாம். ஃபோன் பண்ணாதீங்க, ப்ளீஸ்.”

“சனிக்கெயம காத்தால முட்டி வரைக்கும் ஈரமா கடை வாசல்ல உக்காந்துகினு இருந்துச்சி மேடம்,” என்றான் பிரவின்குமார். “ஒரு வருசமா ஸ்ரீ ஸ்ரீன்னு ஃபோன்ல நச்சரிச்சவன் நான். அதனால இதுக்கு என் கடை அட்ரஸ் தெரியும். மேல எங்கம்மா, தங்கச்சி எல்லாம் கீறாங்க. அவங்க கூடத்தான் கீது. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சி.”

“ஏன்?” என்று சஹானாவை நோக்கி வினவினாள் ரேணுகா.

“நான் ரெண்டு வருஷமா எந்தப் பரீட்சையும் எழுதலை.” அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். “காலேஜுக்கே போகலை. ரூம்ல உக்காந்து எழுத்து வரைஞ்சுகிட்டு இருந்தேன். பாஸுன்னு சொல்லிட்டேன். வேலை கெடைச்சாச்சுன்னும் சொல்லிட்டேன். அப்பா பட்டமளிப்பு விழாவுக்கு எல்லாச் சொந்தக்காரங்களுக்கும் டிக்கெட் போட்டுட்டார். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கடல்ல இறங்கினேன். முடியலை. பயமா இருந்துது. திரும்பி, ராத்திரி பூரா கரையோரமாவே நடந்தேன். இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு தள்ளிப் போட்டுகிட்டே இருந்தேன். அதுக்குள்ள என் பாடி கெடைச்சிடுச்சுன்னு இவர் வாட்ஸாப்ல வந்துது. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட போறது? செத்துப் போனவளுக்காக அழுதுடலாம். ஏமாத்தினவளை என்ன பண்ணுவாங்க?”

“அப்படி ஒளிஞ்சிருந்தவ எதுக்கு அந்த ஸ்ரீயைப் போட்டே?”

சஹானா முதன்முறையாக நிமிர்ந்தாள். “அவரு பக்கத்துல உக்காந்து, ஒல்லி ஸ்ரீ ஒண்ணை எடுத்து என் வராகருக்குப் பக்கத்துல ஒட்டிகிட்டு இருந்தார். என்னால பார்த்துகிட்டு சும்மா இருக்க முடியலை.”

ரேணுகா அவளுக்கு எதிரே, கீழ்ப்படியில் அமர்ந்தாள். அச்சு இயந்திரத்தின் உறுமலுக்கு மேலாகக் கேட்கும்படி, ஆயினும் கடுமையின்றிப் பேசினாள்.

“சஹானா, உன் வீட்டுச் சங்கதியை நீ உன் வீட்டோட பேசிக்கோ. நான் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க படுத்திருக்கறது யாரு?”

சஹானா விழித்தாள்.

“அவளும் உன் உயரம். அவளும் நீலச் சுடிதார் போட்டிருக்கா. அவளை இன்னும் கொஞ்ச நேரத்துல உன் பேரைச் சொல்லி எரிக்கப் போறாங்க. அவளுக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கயும் ஒருத்தி ஃபோனைக் கையில வெச்சுகிட்டு ஒவ்வொரு ஊர் ஸ்டேஷனா ஏறி இறங்குவா. சாம்பலாயிட்டா அவ எங்க போய்க் கேப்பா? நீ சாகலைங்கறதை உன்னைத் தவிர யாராலயும் சொல்ல முடியாது.”

 சஹானா இடது கையை நீட்டினாள். ரேணுகா லதாவின் எண்ணை அழுத்திக் கைப்பேசியைத் தந்தாள்.

மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. எவரும் எடுக்கவில்லை.

“அந்தப் பொண்ணை எடுத்துட்டாங்களோ?” என்றாள் சஹானா.  “மேடம், எரிச்சுட்டாங்களோ?”

“மறுபடி போடு.”

அவளே அழுத்தினாள். ஜெயக்குமார் விரைந்து சென்று அச்சு இயந்திரத்தின் விசையை அணைத்தான். சந்தின் கோடியில் படகுக்காகக் காத்திருந்தோரின் பேச்சொலி வரை கேட்கும் அளவுக்கு அறை அமைதியாயிற்று. நான்காம் மணியில் எவரோ எடுத்தனர். பின்னணியில் ஒரு வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; பலர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தனர்.

“ரேணுகா மேடமா?” என்றார் லதா. “ஏத்திட்டாங்க மேடம். என்னால பிடிக்க முடியலை.”

சஹானா வாயைத் திறந்தாள். உயிரோடு இருக்கிறேன் என்று கூற அவளுக்குத் தோன்றவில்லை.

“அம்மா, நான் பரீட்சையே எழுதலைம்மா.”

  அடுத்த கணம் மறுமுனையில் எழுந்த குரலைக் கேட்டு ஜெயக்குமார் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“வண்டியை நிறுத்துங்க! ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க! அந்தப் பொண்ணை இறக்குங்க! அவ யார் வீட்டுக் குழந்தையோ, இறக்குங்க!”

எவரோ ஓடும் ஓசை. எவரோ வண்டியின் தகரத்தை அறையும் ஓசை. “என்ன லதா, என்ன?” என்ற பார்த்தசாரதியின் குரல். பின்னர் எஞ்சின் நின்றது.

“அம்மா, கேக்குதா? நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா… எல்லாமே பொய்…”

“கேக்குது,” என்றார் லதா. அவருடைய மூச்சு கைப்பேசியில் சீறிற்று. “பொய்யோ மெய்யோ, என்ன வேணா சொல்லு. நிறுத்தாம பேசிகிட்டே இருடீ. அப்பா வரார். அவர் காதுல வெக்கறேன். பேசு.”